சுவருக்கு இடமுண்டு, கலைஞருக்கு இல்லையா?

டெல்லியின் லோதி காலனி, பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1940களில், அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு. உயரமான வளைவு வாயில்களும் அவற்றையொட்டி நீளும் வெற்றுச் சுவர்களும் அதன் அடையாளம். 2014இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அரசின் அனுமதியோடு அந்தச் சுவர்களை ஓவியர்களின் கையில் கொடுத்தது. இன்று அங்கே 50க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன. டாக்கு என்ற புனைபெயரில் இயங்கும் கலைஞர் உருவாக்கிய ஒரு சுவரில் தூரிகையைவிட வெயிலுக்குத்தான் வேலை அதிகம். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளின் நிழல் சுவரின் மீது விழுந்து சொற்களாகிறது. பொழுது ஏற ஏற அந்தச் சொற்கள் சாய்ந்து, நிமிர்ந்து, வெயில் போனதும் இல்லாமல் போகின்றன. காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்பதைச் சூரியனைக் கொண்டே சொல்லும் அருமையான படைப்பு அது. 2014இலேயே, ஐ.டி.ஓ. பகுதியில் அப்போதிருந்த டெல்லி காவல் துறைத் தலைமையகத்தின் பக்கச் சுவரில் 150 அடி உயரத்துக்குக் காந்தியின் உருவம் எழுந்தது. ஜெர்மானிய ஓவியர் ஹென்ட்ரிக் பைகிர்ஷும் இந்திய ஓவியர் அன்பு வர்க்கியும் அதைத் தீட்டினார்கள். தெருக்கலை என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட நகரத்தில், காவல் துறையே தன் சுவரைக் கொடுத்தது பெரிய மாற்றம்தான்.

அதே நகரத்தின் மேற்குப் பகுதியில், ஷாதிபூர் பேருந்துப் பணிமனைக்கு அருகே, கட்புத்லி காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த பொம்மலாட்டக்காரர்கள் குடியேறி உருவாக்கிய இடம் அது. பின்னர் கழைக்கூத்தாடிகள், வித்தை காட்டுவோர், மேளக்காரர்கள், பாம்பாட்டிகள் என்று பல மாநிலத் தெருக் கலைஞர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 2009இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் அந்த நிலத்தைத் தனியார் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தது. நிலத்தின் ஒரு பகுதியில் அங்கே வசித்த குடும்பங்களுக்கு 2,800 அடுக்கக வீடுகள், மற்றொரு பகுதியில் நிறுவனம் விற்றுக்கொள்ள 54 மாடிக் கோபுரம் என்பது திட்டம். ஒரு பகுதியினர் ஆனந்த் பர்பத்தில் அமைக்கப்பட்ட தற்காலிக முகாமுக்குப் போனார்கள். பலர் போக மறுத்தார்கள். 2017 அக்டோபர் இறுதியில், காவல் துறையினர் சூழ நிற்க, எஞ்சியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் முகாமிலேயே காலம் தள்ள நேர்ந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நம் நகரங்கள் தெருக்கலையை எப்படிப் புரிந்துவைத்திருக்கின்றன என்பது தெரிகிறது. சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் கலைக்கு அனுமதி, ஆதரவு, விழா எல்லாம் கிடைக்கின்றன. மூச்சு விடும், பசிக்கும், கை நீட்டிக் கூலி கேட்கும், இரவானால் படுக்க ஓரிடம் தேடும் கலைக்கு அவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. சுவரோவியம் வந்தால் வட்டாரத்தின் மதிப்பு கூடுகிறது; படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள். தெருவில் வித்தை காட்டுபவர் வந்தால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறோம். இது ரசனை சார்ந்த வேறுபாடு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது சட்டம் உண்டாக்கிய வேறுபாடு. சட்டத்தைக் கொண்டே சரிசெய்ய வேண்டிய வேறுபாடு. தெருவில் கலை நிகழ்த்திக் காசு பெறுவது ஒரு தொழில் என்று சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளாத வரை, பழம்பெரும் நகரங்களின் பண்பாட்டைக் காக்கிறோம் என்று நாம் சொல்வதில் பாதிதான் உண்மை இருக்கும்.

தெருக் கலைஞர்கள் டெல்லிக்குப் புதியவர்கள் அல்லர். ஷாஜஹான் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய ஷாஜஹானாபாத், அரண்மனைக்காக மட்டும் திட்டமிடப்பட்ட நகரமில்லை. சாந்தினி சௌக் போன்ற சதுக்கங்கள் வணிகத்துக்கும் கேளிக்கைக்கும் ஒன்றாகவே பயன்பட்டன. 1730களின் இறுதியில் தக்காணத்திலிருந்து டெல்லி வந்து சில ஆண்டுகள் தங்கிய தர்கா குலி கான், தான் கண்டதைப் பாரசீக மொழியில் எழுதிவைத்தார். கோட்டைக்கு வெளியே இருந்த சாதுல்லா கான் சதுக்கத்தின் கூட்டத்தைப் பற்றி அவர் விரிவாகவே சொல்கிறார். ஆடுபவர்கள், கதை சொல்பவர்கள், சோதிடர்கள், மருந்து விற்பவர்கள் என்று அங்கே ஆளுக்கொரு வட்டம் இருந்தது. ஜாமா மசூதியின் படிக்கட்டுகளில் உட்கார்ந்து கதைசொல்லிகள் நீண்ட கதைகளை நாள்கணக்கில் சொன்னார்கள். அந்த மரபின் கடைசிப் பெரிய கலைஞரான மீர் பாகர் அலி 1928இல் இறந்தார். 1857 எழுச்சியை அடக்கிய பிறகு, பிரிட்டிஷார் கோட்டைக்கும் மசூதிக்கும் இடையிலான பெரும் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினர். வீடுகளோடு சேர்த்துக் கலை நிகழ்ந்த இடங்களும் அழிந்தன. செங்கோட்டையையும் ஜாமா மசூதியையும் பாரம்பரியம் என்று போற்றுகிற நாம், அவற்றுக்கு நடுவில் இருந்த மனிதக் கூட்டமும் அந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்ததுதான் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இடத்தைப் பறித்த அரசு, அடுத்ததாக அந்த மனிதர்களின் மேல் கைவைத்தது. 1871இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஓரிடத்தில் நிலைத்து வாழாத சமூகங்களைப் பிறப்பாலேயே சந்தேகத்துக்குரியவர்களாக்கியது. ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டிய பல சமூகங்கள் அந்த வலையில் விழுந்தன. இந்தச் சட்டம் தமிழர்களுக்கு எவ்வளவு கொடுமை செய்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல் அது நீக்கப்பட்டது. ஆனால், 1959இல் இயற்றப்பட்ட பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் அதே பார்வையை வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தது. பொது இடத்தில் பாடியோ, ஆடியோ, குறி சொல்லியோ, வித்தை காட்டியோ காசு பெறுவதும் பிச்சையெடுப்பதில் அடங்கும் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. பிடிபட்டவரை வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்கலாம். மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரைகூட அடைத்துவைக்கலாம். 1960இல் இந்தச் சட்டம் டெல்லிக்கும் விரிவாக்கப்பட்டது. மேடையில் பாடிச் சம்பளம் வாங்குபவர் கலைஞர், தெருவில் பாடித் துண்டில் காசு வாங்குபவர் குற்றவாளி என்ற பிரிவினையை ஒரு மக்களாட்சி அரசு தன் சட்டப் புத்தகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தது.

2018 ஆகஸ்ட் 8 அன்று, டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொறுப்புத் தலைமை நீதிபதி கீதா மிட்டல், நீதிபதி சி. ஹரிசங்கர் அமர்வு, பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று கூறி, டெல்லியைப் பொறுத்தவரை அவற்றை ரத்து செய்தது. வறுமையைக் குற்றமாகக் கருத முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். தெருக் கலைஞர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆயினும், கைது செய்ய ஒரு சட்டம் இல்லாமல் போனதால் மட்டும் தொழில் செய்யும் உரிமை வந்துவிடாது. பொதுவழியில் இடையூறு செய்வதைத் தண்டிக்கும் பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது; அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவிலும் இருக்கிறது. முன்பு 200 ரூபாயாக இருந்த அபராதத்தின் உச்சவரம்பு இப்போது 5,000 ரூபாய். ஒரு நாள் முழுக்க ஆடி அதில் பத்தில் ஒரு பங்கு சம்பாதிப்பதே அரிதாக உள்ள ஒருவருக்கு இந்தத் தொகை என்ன அர்த்தம் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோந்து வரும் காவலர் முகம் சுளித்தாலே மூட்டையைக் கட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் சுவரோவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அனுமதியில்லாமல் பொதுப் பார்வையில் உள்ள சுவரில் எழுதினால் ஓராண்டு வரை சிறையோ 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க டெல்லியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அப்படியிருந்தும் லோதி காலனியில் ஓவியங்கள் வந்தது எப்படி? சுவருக்கு உரிமையுள்ள துறை அனுமதி தந்தது. ஓவியருக்கு விண்ணப்பிக்க ஒரு கதவு இருந்தது. தெருவில் ஆடுபவர் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவார்? அப்படியொரு கதவே இல்லை.

நாம் எதை இழக்கிறோம் என்பதை ஒரு ராஜஸ்தான் பொம்மலாட்டத்தை அருகில் சென்று பார்த்தால் புரியும். மரத்தில் செதுக்கி, பெரிய கண்கள் தீட்டப்பட்ட தலை. அதற்குக் கீழே பழந்துணியில் தைத்த உடலும் தரையைத் தொடும் பாவாடையும். பொம்மைக்குக் கால்கள் கிடையாது. பாவாடையின் சுழற்சியே அதன் நடை. கயிறுகளைப் பிடிக்கக் கட்டை எதுவும் இல்லை. இரண்டு, மூன்று கயிறுகளை நேராக விரல்களில் சுற்றிக்கொண்டு ஆட்டுகிறார் கலைஞர். வாய்க்குள் மூங்கில் பட்டையும் தோலும் சேர்த்துக் கட்டிய சிறு ஊதல். பொம்மை பேசுவதெல்லாம் அதன் கீச்சொலியில்தான். பக்கத்தில் டோலக் வாசித்தபடி உட்கார்ந்திருக்கும் மனைவியோ சகோதரியோ அந்தக் கீச்சொலியை மனிதப் பேச்சாக மாற்றிக் கூட்டத்துக்குச் சொல்கிறார். மேடை என்பது பெரும்பாலும் நிமிர்த்தி வைத்த கயிற்றுக் கட்டிலும் முன்னால் தொங்கும் துணியும்தான். அதில் வழிவழியாக ஆடப்படும் கதை, ஷாஜஹான் அவையிலேயே வாளை உருவிய மார்வார் வீரன் அமர்சிங் ராத்தோருடையது. செங்கோட்டை எழுந்த காலத்துச் சம்பவம் ஒன்றைப் புத்தகமோ பள்ளிக்கூடமோ இல்லாமல் பாமர மக்களிடம் இன்றுவரை கொண்டுவந்து சேர்த்த கலை இது. 1985இல் அமெரிக்காவில் இந்தியத் திருவிழா நடந்தபோது, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நிகழ்ச்சிகளுக்கு டெல்லியின் தெருக் கலைஞர்கள் இந்தியாவின் பெருமையாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஊர் திரும்பியபோது, அதே வித்தையைத் தெருவில் காட்டினால் கைது செய்யும் சட்டம் டெல்லியில் அவர்களுக்காகக் காத்திருந்தது.

கட்புத்லி காலனி ஒரு குடிசைப் பகுதி, அங்கிருந்தவர்களுக்கு நல்ல வீடு கிடைத்தால் அதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாக்கடை நீர் ஓடிய சந்துகளில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்குக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. காலனி மக்களிலேயே பலர் அந்த வீடுகளை விரும்பினார்கள். கேள்வி எல்லாம், வீட்டைத் திட்டமிட்டவர்கள் அதில் வாழப்போகிறவரின் தொழிலைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா என்பதுதான். பொம்மை செதுக்கத் தரை வேண்டும். ஆளுயரத்தைவிடப் பெரிய பொம்மைகளையும் நீண்ட மூங்கில் கழிகளையும் மேளங்களையும் வைக்க இடம் வேண்டும். பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்த்துக் கயிற்றில் நடக்கப் பழகத் திறந்தவெளி வேண்டும். திருமண நிகழ்ச்சிக்கு மேளக்காரர் தேவை என்று தேடி வருபவர் ஒரே இடத்தில் எல்லோரையும் கண்டுபிடிக்க அக்கம்பக்கம் கலையாமல் இருக்க வேண்டும். இவையெல்லாம் அடுக்ககத்தின் ஓரிரு அறைகளில் அடங்காதவை. ஒரு நெசவாளர் குடியிருப்பைத் தறிக்கு இடமில்லாமல் கட்டினால் அதை மறுவாழ்வு என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கலைஞர்களின் குடியிருப்புக்கும் அதே நியாயம் பொருந்தும்.

தெருவில் நிகழ்ச்சி என்றால் கூட்டம் சேரும், வழி மறையும், ஜேப்படி நடக்கும், இரைச்சல் தாங்காது என்பது அடுத்த எதிர்ப்பு. நெரிசலான பழைய நகரங்களில் வசிப்பவர்களுக்கு இது வெறும் சாக்கு இல்லை, அன்றாடத் தொல்லை. ஆனால், இதற்குத் தீர்வு தெரியாத காலமல்ல இது. சாந்தினி சௌக்கையே எடுத்துக்கொள்வோம். செங்கோட்டைப் பக்கமிருந்து ஃபதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தத் தெரு சீரமைக்கப்பட்டு, 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்கள் அங்கே வரக் கூடாது. சிவப்புக் கற்கள் பதித்த அகன்ற நடைபாதை, உட்கார இருக்கைகள், செடிகள் எல்லாம் வந்தன. வாகனமே இல்லாத 12 மணி நேரத்தில், அந்த நீண்ட தெருவில் பத்து வட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்துக் கொடுத்தால் யாருடைய வழி மறையும்? ஒலிபெருக்கி கூடாது என்று ஒரு விதி போட்டால் இரைச்சல் அடங்கிவிடும். டோலக்குக்கும் ஊதலுக்கும் மின்சாரம் தேவையில்லை. ஆனால், தெரு வியாபாரிகளுக்கே தடை விதிக்கப்பட்ட அந்தத் தெருவில், கலைஞர்களைப் பற்றி யோசித்ததற்கான தடயமே இல்லை. நடப்பதற்கு வழி செய்தவர்கள், நின்று பார்ப்பதற்கும் ஏதாவது வேண்டும் என்று எண்ணவில்லை.

குழந்தைகளையும் விலங்குகளையும் முன்வைத்துச் சொல்லப்படும் எதிர்ப்பு இதைவிட வலுவானது. அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆறு வயதுச் சிறுமி பாதுகாப்பு வலை இல்லாமல் கயிற்றில் நடந்து குடும்பத்துக்குச் சோறு போடுவதைப் பாரம்பரியம் என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது. அந்த வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். சர்க்கஸில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நியாயம் தெருவுக்கும் பொருந்தும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்பையும் கரடியையும் வைத்து வித்தை காட்டுவது குற்றம்; அது அப்படியே இருக்கட்டும். ஆனால், கரடி வித்தை நின்றுபோன விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கம் தொடர்ந்தது. கரடியாட்டிகளான கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு வழி என்று சேர்த்துச் செய்த பிறகுதான், 2009 வாக்கில் அது ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. தடை மட்டும் போட்டபோது நடக்காதது, வாழ வழியும் காட்டியபோது நடந்தது. குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பல்கள் பற்றிய அச்சத்துக்கும் இதுவே பதில். தொழில் செய்பவருக்குப் பெயரும் அடையாள அட்டையும் குறித்த இடமும் இருந்தால், அந்தக் கும்பல்களைப் பிரித்தறிவது காவல் துறைக்கு எளிது. எல்லோரையும் ஒரே பட்டியில் அடைக்கும் சட்டம்தான் குற்றவாளிக்கு மறைவிடம் ஆகிறது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கேள்வி வரும். பதிவு, அட்டை, அனுமதி என்று போனால், அரசு தனக்குப் பிடிக்காத குரலை அடக்கிவிடாதா? வீதி நாடகம் போடுகிறவர்களிடமிருந்து வரும் இந்தக் கேள்விக்கு ரத்தம் தோய்ந்த பின்னணி உண்டு. 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியையொட்டிய சாகிபாபாதில் தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்ட சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிரிழந்தார். 4ஆம் தேதி அவருடைய மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார்கள். சட்டத்தின் கையும் நெடுங்காலம் கலைஞரின் கழுத்தில்தான் இருந்தது. நாடகங்களை முன்கூட்டியே தடுக்க பிரிட்டிஷார் 1876இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 2018இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து முறைப்படி அகற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1954இல் இயற்றப்பட்ட இதே வகைச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குத் தொடுத்தார். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கோடு எங்கே போட வேண்டும் என்பது தெளிவு. இடத்தையும் நேரத்தையும் ஒலியளவையும் நகராட்சி முறைப்படுத்தலாம். என்ன ஆடுகிறார், என்ன பேசுகிறார் என்பதில் அதற்கு எந்த அதிகாரமும் கூடாது. பதிவு என்பது பிழைப்பவருக்குப் பாதுகாப்பு தருவதற்காக மட்டுமே. கருத்து சொல்ல வீதிக்கு வருகிறவருக்கு அரசமைப்பின் 19ஆம் கூறு ஏற்கெனவே தந்திருக்கும் உரிமையை எந்த அட்டையோடும் முடிச்சுப்போடக் கூடாது.

கைப்பேசியில் உலகமே ஆடும்போது பொம்மலாட்டத்தை யார் நின்று பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள், மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்தைப் பார்க்க வேண்டும். அதன் பழைய நகரப் பகுதி 1985இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனால், அங்குள்ள ஜெமா எல் ஃப்னா சதுக்கத்தின் பெருமை கட்டடங்களில் இல்லை; மாலையானால் அங்கே கூடும் கதைசொல்லிகள், இசைக்காரர்கள், வித்தைக்காரர்களிடம் இருக்கிறது. அந்நகரில் வாழ்ந்த ஸ்பானிய எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ, கல்லைக் காப்பது போல இந்த வாய்மொழிக் கலையையும் காக்க வேண்டும் என்று வாதாடினார். தொட்டுப் பார்க்க முடியாத பண்பாட்டு மரபுகளுக்கென யுனெஸ்கோ தனி அங்கீகாரம் உருவாக்கத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் இந்தச் சதுக்கத்தைப் பற்றிய விவாதமும் ஒன்று. 2001இல் வெளியான முதல் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. அங்கும் கதைசொல்லிகளின் எண்ணிக்கை குறைந்துதான் இருக்கிறது; சுற்றுலா வணிகம் நெருக்கத்தான் செய்கிறது. ஆனால், சதுக்கம் கலைஞர்களுடையது என்பதில் அந்நகரத்துக்கு ஐயமில்லை, கூட்டமும் குறையவில்லை. டெல்லியிலேயே 2005இல் உருதுக் கதைசொல்லல் அரங்குகளில் புத்துயிர் பெற்றபோது இளைஞர்கள் திரளாக வந்து கேட்டார்கள். கேட்க ஆளில்லை என்பது உண்மையில்லை. சொல்ல இடமில்லை என்பதே உண்மை.

இதெல்லாம் சுவரோவியங்களுக்கு எதிரான வாதம் அன்று. காட்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் மனிதருக்கும் ஓவியத்தை அருகில் கொண்டுவந்தவர்கள் அந்தக் கலைஞர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் மீதும், சுண்ணாம்புப் பூச்சு கொண்ட பழைய கட்டடங்களின் மீதும் வண்ணம் படக் கூடாது. செயற்கை வண்ணம் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூச்சை உரித்துவிடும். அந்த எல்லையைக் காத்தால் மற்ற சுவர்களில் இன்னும் நிறைய ஓவியங்கள் வரட்டும். ஆனால், வண்ணம் மனிதப் பிரச்சினையை மூடும் திரையாக ஆகிவிடக் கூடாது. சென்னையில் இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரில், 2020 வாக்கில் அடுக்ககச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அந்த இடத்தின் மீது ஒட்டிக்கொண்டிருந்த கெட்ட பெயரைத் துடைக்க அவை உதவியது நல்ல விஷயம். ஆயினும், அங்கே வசிப்பவர் தம் பழைய வேலைக்குப் பேருந்து ஏறிப் போகும் தொலைவை எந்த ஓவியமும் குறைக்கவில்லை. அதேபோல 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், பறையாட்டத்தையும் கரகத்தையும் கூத்தையும் நகரத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. இடையில் நின்று, இப்போது மீண்டும் நடக்கிறது. பொங்கலையொட்டிய சில நாட்கள் கிடைக்கும் அந்த மரியாதை, ஆண்டின் மற்ற நாட்களிலும் கிடைக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டங்களை இன்னும் வைத்திருக்கும் மாநிலங்கள், கலை நிகழ்த்திக் காசு பெறுவது பிச்சையாகாது என்று திருத்தம் கொண்டுவர வேண்டும். 1945ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்திருக்கும் தமிழ்நாடு இதில் வழிகாட்டலாம். இரண்டாவதாக, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் விற்பவரோடு சேவை அளிப்பவரும் வியாபாரி என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறார். அந்த வரையறையில் தெருக் கலைஞரையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டால், அடையாள அட்டை, இடம் ஒதுக்கீடு, முறையின்றி விரட்டப்படாத பாதுகாப்பு ஆகியவை புதிய சட்டம் இல்லாமலே கிடைக்கும். அந்தச் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுக்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களோடு கலைஞர்களின் பிரதிநிதி ஒருவரும் உட்காரட்டும். மூன்றாவதாக, பாரம்பரிய வட்டாரங்களைச் சீரமைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் நிகழ்த்துவதற்கான இடத்தை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். நான்காவதாக, கலைஞர்களை வேறிடத்தில் குடியமர்த்தும்போது பட்டறையும் பொருள் வைக்கும் அறையும் பழகும் வெளியும் வீட்டுத் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று நம் பழைய நகரங்களும் சீரமைக்கப்பட்டுவருகின்றன. அங்கே வீதிகளை அகலப்படுத்தி, விளக்குகள் பொருத்தி, சுவர்களில் படம் வரைவதோடு வேலை முடிந்தது என்று நம் மாநகராட்சிகள் நினைத்துவிடக் கூடாது. அடுத்த முறை உங்கள் ஊரின் மாமன்ற உறுப்பினர் சீரமைப்புத் திட்டத்தைப் பற்றிப் பேச வரும்போது, பொம்மலாட்டக்காரருக்கும் மேளக்காரருக்கும் இதில் எந்த இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தெருவில் ஒரு கலைஞரைக் கண்டால் நின்று பாருங்கள். கொடுக்கும் காசைக் கூலியாகக் கொடுங்கள். சட்டம் மாற வேண்டும். அதோடு நம் பார்வையும் மாற வேண்டும்.